நர்ஸ் படிப்புக்குப் போன ஒரு ஜோடி மாடு

போன மாதம் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். உப்பிலியபுரத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் அவருக்குக் கொஞ்சம் நிலம். மகளுக்கு நர்சிங் டிகிரி படிக்க இடம் கிடைத்திருக்கிறது. நான்கு வருஷத்துக்கு ஆகும் தொகையைச் சொன்னார். நிலத்தில் பாதியை விற்றால் கட்டிவிடலாம் என்றார். மகள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க ஆஸ்பத்திரியிலேயே காலத்தை ஓட்டினவங்க. சொல்லுங்கம்மா. இவ்வளவு போட்டா எத்தனை வருஷத்துல திரும்பி வரும்?”

தெரியாது என்றேன். இப்போதைய சம்பளம் எனக்கு நிஜமாகவே தெரியாது. அவர் விடவில்லை. “ஒரு உத்தேசமா சொல்லுங்க” என்றார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகுதான், நர்சுகள் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் கேட்டிருந்தது நினைவுக்கு வந்தது. எனக்குத் தெரிந்த படிப்புச் செலவுக் கணக்கு ஒன்றே ஒன்றுதான். அதை எழுதுகிறேன். கணக்கு என்னுடையது அல்ல, என்னோடு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ராஜாமணியுடையது.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். உறையூரில் சுருட்டு சுற்றினேன். பாலக்கரையில் ஒரு பாய் வீட்டுப் பட்டறையில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டினேன். கண் எரிந்தது, விட்டுவிட்டேன். ஈரோட்டில் பஞ்சு பிரித்தேன், கரூரில் ஒரு கிளப்புக் கடையில் மாவு ஆட்டினேன். ஓரிடத்தில் இரண்டு தீபாவளி சேர்ந்தாற்போல் வந்தால் எனக்குக் கால் அரிக்கும். அப்படித்தான் ஐம்பதுகளில் ஒருநாள் ஸ்ரீரங்கத்துக்கும் திருவானைக்காவலுக்கும் நடுவில் இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தேன். மூன்று வேளை சாப்பாடு உண்டு என்றார்கள், அதுதான் காரணம். பிறகு எட்டாவது படித்தவர்களுக்கான இரண்டு வருஷத் துணை நர்ஸ் பயிற்சி கொடுத்தார்கள். படுக்கை விரித்தேன், பெட்பேன் கழுவினேன், பிரசவம் பார்த்தேன், பரீட்சை எழுதினேன். எனக்காகச் செலவு செய்ய ஆள் கிடையாது. அதனால் செலவைத் திருப்பிக் கேட்கவும் ஆள் கிடையாது. அது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று அப்போது புரியவில்லை.

ராஜாமணி பத்து வரை படித்துத் தேறியவள். மூன்று வருஷம் முழு நர்ஸ் பயிற்சி. சம்பளம் என்னைப்போல இரண்டு பங்கு. அந்தக் காலத்தில் அதற்கு மேல் டிகிரி என்று ஒன்று பெரிய பட்டணங்களில் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தோம். டிகிரி வாங்கிய நர்சை எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

முழு நர்சுக்கே செலவு இருந்தது. ஆஸ்பத்திரிக்கு முன்பணம் கட்ட வேண்டும். வெள்ளைச் சேலை, வெள்ளை ரவிக்கை, கான்வாஸ் ஷூ, டிரங்குப் பெட்டி, கொசுவலை எல்லாம் சொந்தமாக வாங்கி வர வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடிகாரம். செகண்டு முள் வைத்த கைக்கடிகாரம் இல்லாமல் வார்டுக்குள் விடமாட்டார்கள், நாடி எண்ண வேண்டுமே. ராஜாமணி ஊரில் அப்போது கைக்கடிகாரம் கட்டியவர் கிராம முன்சீப் ஒருவர்தான். ராஜாமணியின் அப்பா பெரியண்ணன் உழவு மாடு ஒரு ஜோடியை விற்று இந்தச் செலவு எல்லாவற்றையும் செய்தார். நாலு பல் போட்ட இளம் மாடுகள், சாம்பல் கலந்த மயிலை நிறம். இதை அவர் வாயாலேயே நான் பல தடவை கேட்டிருக்கிறேன்.

எங்கள் மேட்ரன் எஸ்தர் அம்மாளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பெருக்குகிறவரிலிருந்து டாக்டர் வரை எல்லோரையும் ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவார். தப்பு கண்டால் திட்டமாட்டார். நாம் செய்ததைக் கலைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். நாம் மறுபடி செய்ய வேண்டும். ஒருமுறை நான் விரித்த படுக்கையைக் காலையிலிருந்து கஞ்சி வரும் வரை கலைத்துக்கொண்டே நின்றார். கடைசியில் “இப்ப நீங்க படுப்பீங்களா இதுல?” என்று கேட்டார். படுப்பேன் என்றேன். “அப்ப சரி” என்று போய்விட்டார்.

சம்பள நாள் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு தினுசாக இருக்கும். வாசலில் பெரிய தூங்குமூஞ்சி மரம். காலையிலிருந்தே அப்பாக்களும் அண்ணன்மார்களும் அந்த மரத்தடியில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். லால்குடி, முசிறி, துறையூர், எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். சம்பளம் குமாஸ்தாவின் ஜன்னலில் கைக்கு வரும், கையிலிருந்து மரத்தடிக்குப் போகும். மேட்ரனுக்கு அந்த மரத்தடிக் கூட்டத்தைக் கண்டால் பிடிக்காது. ஆனால் வாசலுக்கு வெளியே அவர் அதிகாரம் செல்லாது. பெரியண்ணன் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. மகளுக்கு நிலக்கடலையோ, பச்சைமலைப் பலாச்சுளையோ துணியில் முடிந்து கொண்டுவருவார். பணத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, “உடம்பைப் பாத்துக்க சாமி” என்று சொல்லிவிட்டுப் போவார். நல்ல மனுஷர். அதனால்தான் சிக்கல். கெட்டவராக இருந்தால் ராஜாமணி எப்போதோ கையை உதறியிருப்பாள்.

பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த கோவிந்தன் விரல் நசுங்கி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ராஜாமணிதான் தினமும் கட்டுப் போட்டாள். விரல் ஆறிய பிறகும் அவர் வந்துகொண்டிருந்தார். முசிறிப் பக்கம், எங்கள் பக்கத்து ஆட்களேதான். சாதியில் இடைஞ்சல் இல்லை. முறைப்படி பெரியவர்களை அனுப்பிப் பெண் கேட்டார்கள். பெரியண்ணன் மாப்பிள்ளையைக் குறை சொல்லவில்லை. “போட்ட முதல் இன்னும் வரலைங்க. வந்ததும் பேசுவோம்” என்று அனுப்பிவிட்டார்.

பயிற்சி முடித்தபின் மூன்று வருஷம் அங்கேயே வேலை செய்வதாக ஆஸ்பத்திரிக்கு ராஜாமணி எழுதிக் கொடுத்திருந்தாள். அதை முடித்தும் மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு அவள் பட்ட கடன் தீர்ந்துவிட்டது. அப்பாவுக்குத்தான் தீரவில்லை.

அடுத்த சம்பள நாளில் மரத்தடியில் நானே அவரிடம் கேட்டேன். ஊர்ப்பக்கம் என்பதால் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன்.

“ஆறு வருஷச் சம்பளம் வாங்கியாச்சு பெரியப்பா. ரெண்டு மாட்டு விலை இன்னுமா வரலை?”

“நீ விவரம் இல்லாம பேசறே மருதாயி. மாடு வித்தது ஒரு செலவு. மாடு இல்லாததால கூலிக்கு ஏர் பிடிக்கிறேன் பாரு, அது வேற செலவு. வருஷத்துக்கு ரெண்டு போகம். ஏர்க்காரன் வருஷா வருஷம் கூலியை ஏத்தறான். கூட்டிப் பாரு.”

“வாங்கின சம்பளமெல்லாம்?”

“சின்னவ கல்யாணம், கிணத்துல ஆழம் எடுத்தது, ஓடு மாத்தினது. அது குடும்பச் செலவு. அதைப் போய் இதுல சேர்ப்பாங்களா?”

ராஜாமணி பக்கத்தில் நின்று கடலையை உரித்துக்கொண்டிருந்தாள். “கணக்கு சரியாத்தான் இருக்கு அக்கா” என்றாள். “ஏர் ஓட ஓட நான் கடன்காரி.” அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். டியூட்டி மணி அடித்ததும் உள்ளே போய்விட்டாள். அவளுக்கு அப்போது இருபத்தேழோ இருபத்தெட்டோ. கோவிந்தன் வீட்டில் தை முடியும் வரைதான் பொறுப்போம் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த மார்கழிக் கடைசியில் பெரியண்ணனுக்குக் காலில் காயம் பட்டது. கூலி ஏர்க்காரரின் கலப்பைக் கொழு பாதத்தில் கிழித்துவிட்டது. ஊர் வழக்கப்படி சாணத்தை அப்பிக் கட்டிவிட்டார்கள். காயம் ஆறுவதுபோல்தான் இருந்திருக்கிறது. ஒருநாள் காலை பழைய சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால் வாய் திறக்கவில்லை. பேய் பிடித்தது என்று வேப்பிலை அடித்து ஒருநாள் போயிற்று. பிறகு வாடகைக் காரில் எங்களிடம் கொண்டுவந்து போட்டார்கள். முதுகு வில்லாக வளைந்திருந்தது. முகத்தில் சிரிப்பதுபோல ஒரு இழுப்பு. ராஜாமணி அந்த முகத்தைப் பார்த்ததும் காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பு என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ரண ஜன்னி, இப்போது டெட்டனஸ் என்கிறார்களே அது. அன்றைக்கு அதில் பிழைத்தவர்கள் குறைவு.

டாக்டர் காயத்தைக் கீறிக் கழுவினார். குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் ஊசி போட்டார். அதன் பிறகு வைத்தியம் என்று பெரிதாக இல்லை. சத்தமும் வெளிச்சமும் படாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். ஒரு கரண்டி கீழே விழுந்தால் போதும், உடம்பு முழுவதும் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கலில் மூச்சு நின்றால் முடிந்தது. கடைசி அறையின் ஜன்னல்களுக்குக் கருப்புக் கம்பளி அடித்தோம். கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டோம். பீங்கான் தட்டுகளுக்கு அடியில் துணி விரித்தோம். அறைக்குள் செருப்பு கிடையாது, வளையல் கிடையாது. மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, பாலும் வடிகட்டின கஞ்சியும் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். தொண்டையில் சேரும் எச்சிலை உறிஞ்சி எடுக்க வேண்டும். நாற்றமடிக்கும் தூக்க ஊசி ஒன்று உண்டு, அதை நேரம் தவறாமல் போட வேண்டும்.

மேட்ரன் அந்த அறைக்கு என்னைப் போட்டார். நான் பாதிப் படிப்பு. ராஜாமணி அங்கே இருந்தவர்களில் நல்ல கை. அவள் மேட்ரன் முன்னால் போய் நின்றாள்.

“அம்மா, என்னைப் போடுங்க. மருதாயி அக்காவைவிட எனக்குக் குழாய் நல்லா வரும்.”

“வரும். எனக்குத் தெரியும்.”

“பின்னே?”

“அந்த அறைக்கு நர்ஸ் வேணும் ராஜாமணி. மகள் வேண்டாம். அவருக்கு முறுக்கல் வரும்போது நீங்க அப்பான்னு ஒரு சத்தம் போட்டா, அதுவே அவரைக் கொன்னுடும்.”

மேட்ரன் வாசல் பக்கம் கையைக் காட்டி, “வெளியே தெரு இருக்கு. அதை நீங்க பாருங்க” என்றார்.

எனக்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: “தொடறதுக்கு முன்னால சொல்லுங்க. சொல்றதுக்கு முன்னால அவர் மூச்சு விட்டு முடிக்கட்டும்.” அப்படித்தான் செய்தேன். “பெரியப்பா, கையைத் தொடப் போறேன்.” “பெரியப்பா, துணியை இழுக்கப் போறேன்.” அவருக்கு நினைவு தப்பவில்லை. அந்த நோயின் கொடுமையே அதுதான். எல்லாம் கேட்கும், எல்லாம் தெரியும். பல் மட்டும் கிட்டித்திருக்கும். கண் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ராஜாமணி தெருவைப் பார்த்துக்கொண்டாள். வண்டிச் சக்கரம் சத்தம் போடாமல் இருக்க ஆஸ்பத்திரி முன்னால் ரோட்டில் வைக்கோல் பரப்பினாள். ஐஸ் விற்பவரின் மணியைக் கழற்றி வைக்கச் சொன்னாள். டீக்கடைக்காரர் ரேடியோவை அவராகவே நிறுத்திவிட்டார். ஆனால் தை பிறந்துவிட்டது. எதிர்ச் சாரியில் மூன்று வீடு தள்ளி ஒரு கல்யாண வீட்டில் பந்தக்கால் நட்டார்கள். கூரையில் பெரிய ஒலிபெருக்கிக் குழாய் ஏறியது.

எனக்கு ஓய்வு நேரம். அவளோடு நானும் போனேன். பெண்ணின் தகப்பனார், வெற்றிலை மண்டி வைத்திருந்தவர், பந்தல்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், “குழாயை வேணா இறக்கிடறேம்மா. பாட்டு இல்லாட்டி என்ன. ஆனா மேளம் இல்லாம தாலி கட்டச் சொல்றியா? எம் பொண்ணு கல்யாணத்துல கெட்டி மேளம் இல்லேன்னா ஊர்ல என்ன பேசுவான்?” என்றார்.

“மேளம் வேணாம்னு நான் சொல்லலைங்க. தாலி கட்டறப்ப மட்டும் வச்சுக்குங்க. அந்த நேரத்தைக் கரெக்டா சொல்லுங்க. அதுக்கு முன்னாடி நாங்க ஊசி போட்டுடறோம்.”

அவர் திகைத்தார். “முகூர்த்தத்துக்கு ஊசியா?”

உள்ளேயிருந்து ஒரு அத்தை எட்டிப் பார்த்தாள். “ஏம்மா நர்சு, இவ்வளவு விவரமா பேசறியே, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“இல்லீங்க அத்தை. அதுக்கு அந்த ரூம்ல இருக்கறவரு பொழைக்கணும்.”

“யாரு, மாப்பிள்ளையா?”

“எங்கப்பா.”

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். வெற்றிலை மண்டிக்காரர் முகூர்த்த நேரத்தைச் சொன்னார். நாதஸ்வரக்காரரைக் கூப்பிட்டு, “கெட்டி மேளம்னு நான் கையைக் காட்டினாத்தான். அதுக்கு முன்னாடி ஒரு பீப்பீ சத்தம் வந்துச்சு, சன்மானம் கிடையாது” என்றார். நாதஸ்வரக்காரர் தன் வாழ்நாளில் இப்படிக் கேட்டதில்லை என்றார். ஆனாலும் கேட்டுக்கொண்டார்.

முகூர்த்தத்துக்கு முன்னால் ஊசி போட்டேன். “பெரியப்பா, இப்ப மேளம் வரும். கல்யாண மேளம். கொஞ்ச நேரம்தான்” என்று சொல்லிவிட்டு அவர் காதில் பஞ்சு வைத்தேன். மேளம் வந்தது. அவர் தோள் இறுகியது, கழுத்து பின்னால் போனது, முகம் நீலமாயிற்று. நான் தொடவில்லை. தொடக்கூடாது. மூச்சு நின்றுவிட்டது என்று நினைத்தேன். பிறகு எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்தது. மேளம் நின்றிருந்தது. கதவைத் திறந்தபோது ராஜாமணி வெளியே தரையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. நான் தலையை ஆட்டினேன். எழுந்து தன் வார்டுக்குப் போனாள்.

அவர் பிழைத்துக்கொண்டார். பல் முதலில் ஒரு விரற்கடை திறந்தது, பிறகு இரண்டு. குழாயை எடுத்த பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை, “உழவு யாரு பாக்கறா?” என்பது. கம்பளியை நீக்கி வெளிச்சம் விட்ட அன்று மகளை உள்ளே விட்டார் மேட்ரன். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஊரிலிருந்து பார்க்க வந்தவர்களிடமெல்லாம் வைக்கோல் பரப்பியதையும், மேளத்தை நிறுத்தியதையும் தானே பார்த்ததுபோலச் சொன்னார். எங்களுக்கெல்லாம் சந்தோஷம். இனி கல்யாணத்துக்குத் தடையிருக்காது என்று நினைத்தோம்.

ஒருநாள் வந்தவர்களில் ஒருவரிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. “படிக்க வச்சது வீண் போகலைப்பா. எமனையே தெருவுல நிறுத்திட்டா. இந்த மாதிரிப் புள்ளையை இனிமே எப்படி வெளியில விடறது?”

ராஜாமணியும் அங்கேதான் இருந்தாள், டிரேயோடு. முகம் மாறவில்லை. அவள் வேலை பார்க்கப் பார்க்க அவள் விலை ஏறிக்கொண்டு போயிற்று. விலை ஏற ஏற விட மனம் வராது. இதை அவள் அந்த நிமிஷம் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

டிஸ்சார்ஜ் அன்று மேட்ரன் அவர் கட்டிலருகே வந்து நின்றார். கைகள் பின்னால்.

“பெரியண்ணன், ஒண்ணு கேக்கலாமா? மாட்டை வித்தீங்க. கூலி ஏர் வைக்கிறீங்க. கூலி ஏர்ல காலும் போச்சு. இத்தனை வருஷச் சம்பளத்துல ஒரு ஜோடி மாடு வாங்கியிருக்கலாமே. ஏன் வாங்கலை?”

“மாடு வாங்கிட்டா…” என்று ஆரம்பித்தார்.

மேட்ரன் காத்திருந்தார். அவர் காத்திருப்பது எங்களுக்குத் தெரியும், லேசில் தப்ப முடியாது. பெரியண்ணன் மேலே பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு தாடையைத் தடவிக்கொண்டு, “வாய் வலிக்குதுங்கம்மா” என்றார்.

அன்று சாயங்காலம் விடுதிக் குழாயடியில் ராஜாமணி என்னிடம், “அக்கா, மணப்பாறையில மாட்டுச் சந்தை என்னைக்கு?” என்று கேட்டாள்.

சம்பளம் வழக்கம்போல மரத்தடிக்குப் போயிற்று. அதை அவள் நிறுத்தவில்லை. ஓய்வு நாள்களில், ஓய்வு நேரங்களில், தனி வீடுகளுக்கு நோயாளி பார்க்கப் போனாள். சித்திரை வீதியில் பக்கவாதத்தில் படுத்த ஒரு பெரியவர், கன்டோன்மென்டில் ஒரு வக்கீல் வீட்டு மாமியார். மேட்ரன் கண்டும் காணாமல் இருந்தார். மாடு வாங்கத் தன் சேமிப்பைத் தருகிறேன் என்று கோவிந்தன் வந்தார். “உங்க காசுல வாங்கினா அது உங்க மாடு. இது எங்கப்பா எனக்காக வித்த மாடு, நான்தான் திருப்பணும்” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். தை போய், பங்குனி போய், ஆடியும் போயிற்று. கோவிந்தன் வீட்டில் வேறு பெண் பார்ப்பதாகச் சொன்னார்கள். அவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் வந்துகொண்டிருந்தார். ராஜாமணிக்குக் கண்ணைச் சுற்றிக் கருவளையம். கஞ்சி குடித்துக்கொண்டே தூங்குவாள்.

பணம் சேர்ந்ததும் மணப்பாறைச் சந்தைக்கு அவளோடு நானும் போனேன். அங்கே பெண் என்று நாங்கள் இரண்டு பேரும், மோர் விற்ற ஒரு அம்மாவும்தான். ராஜாமணி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள், மாட்டைப் பார்க்கத் தெரிந்தவள். பல்லைப் பிடித்துப் பார்த்தாள், சுழி பார்த்தாள், நடக்கவிட்டுப் பார்த்தாள். மயிலை நிறத்தில் ஒரு ஜோடி பிடித்துப்போயிற்று. விலை பேச வேண்டும். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். தரகர் துண்டைப் போட்டு மூடுவார், அதற்குள் கையைக் கொடுக்க வேண்டும். விரலைப் பிடிப்பதுதான் விலை. அவள் கையை நீட்டினாள். தரகர் பின்வாங்கிவிட்டார்.

“ஆம்பளை யாராச்சும் வந்திருக்காங்களாம்மா? பொம்பளை கையை நான் எப்படிப் பிடிக்கறது, நாலு பேர் பாக்கறாங்க.”

“நான் நர்சுங்க. எத்தனையோ ஆம்பளைங்க நாடியைப் பிடிச்ச கை இது. உங்க விரலைப் பிடிச்சா தேய்ஞ்சுடாது. துண்டைப் போடுங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “போடுய்யா, ஓசியில நாடி பாத்துக்க” என்று ஒருத்தர் கத்தினார். தரகர் முகம் சிவக்கத் துண்டைப் போட்டார். துண்டுக்கு அடியில் வெகுநேரம் விரல்கள் அசைந்தன. அவர் தலையை ஆட்டுவார், இவள் ஆட்டமாட்டாள். கடைசியில் கையை எடுத்துத் துண்டை உதறி, “உங்க வீட்டுக்காரர் பாவம்மா” என்றார். “இன்னும் ஆகலைங்க” என்றாள் ராஜாமணி.

மாடுகளை ஓட்டிக்கொண்டு நடையாகப் போக ஒரு ஆளைப் பிடித்தோம். அவை ஊர்போய்ச் சேரும் நாளைக் கணக்குப் பார்த்து நாங்கள் பஸ்ஸில் போனோம். ஊர் எல்லையில் ஆளைப் பார்த்து, கயிற்றை வாங்கி, அவளே பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தாள். பெரியண்ணன் வாசலில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். மாட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். எழுந்து, காலை இழுத்துக்கொண்டு வந்து, வலது மாட்டின் வாயைத் திறந்து பார்த்தார்.

“இது ஆறு பல்லு. நான் வித்தது நாலு பல்லு.”

“நீங்க வித்தப்ப எனக்கும் வயசு கம்மிதான்ப்பா.”

இடது மாட்டையும் பார்த்தார். முதுகைத் தட்டினார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார். “இது கொஞ்சம் மசமசன்னு இருக்கும் போல” என்றார். அவள் கயிற்றை நீட்டிக்கொண்டே நின்றாள். ராஜாமணியின் அம்மா உள்ளே நிலைப்படியில் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மலையைப் பார்த்தேன்.

கடைசியில் அவர் கயிற்றை வாங்கினார். மாடுகளைத் தொழுவத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினார், வைக்கோல் உதறிப் போட்டார். திரும்பி வந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“நாளைக்கு உழவுக்குக் கூலி ஏர்க்காரனை வரச் சொல்லியிருந்தேன்” என்று மனைவியிடம் சொன்னார். “வேணாம்னு சொல்லிட்டு வந்துடறேன்.”

இரண்டடி போனவர் நின்றார். திரும்பாமலே, “பொன்மலைக்காரங்களை வரச் சொல்லு” என்று சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்.

ராஜாமணி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “அம்மா, தண்ணி குடு” என்றாள். இரண்டு சொம்பு குடித்தாள். சாப்பிடக்கூட இருக்க முடியாது, மறுநாள் காலை டியூட்டி. கடைசி பஸ்ஸைப் பிடித்தோம். துறையூர் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கொள்ளிடம் பாலம் வந்தது, எழவில்லை. திருவானைக்காவலில் நாங்கள் இறங்க வேண்டும். கண்டக்டர் குரல் கொடுத்தார். எனக்கு எழுப்ப மனம் வரவில்லை. காவிரியையும் தாண்டி டவுன் வரை போய், வேறு டிக்கெட் எடுத்துத் திரும்பி வந்தோம்.